லைனில் விழும் அடிக்கு யார் பொறுப்பு?

காஞ்சிபுரத்துத் தறி வீடுகளிலிருந்து ஆலைகளுக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி ஒரு சிறப்புக் கட்டுரை

விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கதவுகள் திறந்துவிடுகின்றன. ஒரு காலத்தில் தெருவில் பாவு நீட்டுவதற்காகத் திறந்த கதவுகள் அவை. இப்போது அதே வாசற்படியிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பாக்ஸுமாக மகளோ மகனோ இறங்கி மெயின் ரோட்டுக்கு வேகமாக நடக்கிறார்கள். கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது. தவறவிட்டால் அன்றைய சம்பளத்தோடு அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறார்கள். வழியில் இன்னும் சிலர் ஏறுகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஒரு அறையில் ஏழெட்டுப் பேராகப் படுத்து எழுந்த இளைஞர்களும் அவர்களில் உண்டு.

ஒரே பஸ், ஒரே ஆலை, ஒரே லைன். ஆனால் பக்கத்துப் பக்கத்து சீட்டில் இருப்பவர்களில் ஒருவர் பெர்மனென்ட், ஒருவர் கான்ட்ராக்ட், இன்னொருவர் அப்ரென்டிஸ். ஒரே போல்ட்டை முறுக்குகிற மூவருக்கும் மூன்று விதமான சம்பளம். அந்த லைனில் ஒருவர்மேல் ஒருவர் கை வைக்கும் நாள் வந்தால், மூவருக்கும் மூன்று விதமான நீதி.

ஆலைக்குள் சக தொழிலாளர்கள் அடித்துக்கொண்டால், அது பெரும்பாலும் அன்று மாலைக்குள் முடித்துவைக்கப்படுகிறது. இரண்டு பேரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். போலீஸ் ஸ்டேஷன் வரை போனால், சமாதானமாகப் போகச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்வார்கள். “சொந்தத் தகராறு” என்ற குறிப்போடு விஷயம் மூடப்படும். அப்படி மூடுவது பல நேரங்களில் அநியாயம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அடித்த கை ஒரு தொழிலாளியுடையதுதான். ஆனால் அந்தக் கை ஓங்கும் வரை நடந்த அத்தனைக்கும் ஆலை ஒரு சாட்சி, பல நேரங்களில் அதற்குக் காரணமும் ஆலைதான்.

எங்கே தொடங்குகிறது?

அசெம்பிளி லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் விநாடிக் கணக்கில் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். முந்தைய ஸ்டேஷனில் ஒருவர் திணறினால் அடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மணிக்கொரு தடவை எழுதும் டார்கெட் போர்டில் எண்ணிக்கை குறையும். லைன் லீடர் எல்லார் முன்னாலும் கத்துவார். திட்டு வாங்கியவர் ஹெச்.ஆரிடம் போய்க் கோபப்பட முடியாது. டார்கெட்டை நிர்ணயித்த மேனேஜர் கண்ணிலேயே படுவதில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர் பக்கத்து ஸ்டேஷன்காரர் மட்டும்தான்.

கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் ரிலீவர் வந்து நிற்க வேண்டும். ரிலீவர் தன் ஊர்க்காரருக்கு மட்டும் சீக்கிரம் வருகிறார் என்று ஒரு முணுமுணுப்பு எழும். ஏ ஷிப்டில் வந்த ரிஜெக்‌ஷனை பி ஷிப்டின் கணக்கில் ஏற்றிவிட்டார்கள் என்று ஒரு சண்டை. இதோடு கைமாற்றாக வாங்கிய பணம், சீட்டு, கேன்டீன் வரிசை. ஊரில் இருக்கும் சாதியும் செக்யூரிட்டி கேட்டில் நின்றுவிடுவதில்லை, அடையாள அட்டையோடு சேர்ந்து அதுவும் உள்ளே வருகிறது. ஷிப்ட் முடிந்து அறைக்குப் போனால் அங்கும் அதே முகங்கள்தான். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கப் பார்க்கிறபோது, டே ஷிப்ட்காரர் ஸ்பீக்கரில் பாட்டு போடுகிறார். இப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகிறது.

தூக்கம் இதில் பெரிய விஷயம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அந்த நாள்களில் பேச்சு முழுவதும் உடல் களைப்பைப் பற்றியே இருந்தது. களைத்தவன் எவ்வளவு சீக்கிரம் கை நீட்டுவான் என்பதை யாரும் கேட்கவில்லை.

அதற்காக, ஆலைக்கு முந்தைய தறிக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால், நெய்கிறவர் ஒரு பக்கம் நாடா வீச, கரையோரம் இன்னொருவர் உட்கார்ந்து தாளம் தப்பாமல் நாடா கொடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் வெகுகாலம் குழந்தையாகவே இருந்தார். அட்வான்ஸ் பணத்துக்காகப் பட்டுத் தறிகளில் கட்டிவைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. தாளம் தப்பினால் அந்தக் குழந்தைகள் மேல் விழுந்த அடிக்கு அன்று எந்த ரெஜிஸ்டரும் இல்லை. இன்று ஆலையில் ரெஜிஸ்டர் இருக்கிறது. எந்தப் பக்கத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதில்தான் கேள்வி.

ஒரே சண்டை, மூன்று தீர்ப்பு

பெர்மனென்ட் தொழிலாளி அடிதடியில் சிக்கினால் முதலில் சஸ்பென்ஷன், பிறகு சார்ஜ் ஷீட், பிறகு உள்விசாரணை. தன் தரப்பைச் சொல்லலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். விசாரணை முடியும் வரை குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காகத் தமிழ்நாட்டில் 1981-லேயே பிழைப்பூதியச் சட்டம் கொண்டுவரப்பட்டது. முதல் 90 நாள்களுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள்களுக்கு முக்கால் சம்பளம், அதற்கும் மேல் இழுத்தால் முழுச் சம்பளம். டிஸ்மிஸ் செய்தாலும் வழக்குப் போட்டு, தண்டனை அதிகம் என்று வாதாட வழியுண்டு.

கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு நடைமுறையில் இதில் ஒன்றும் எட்டுவதில்லை. மறுநாள் காலை பஞ்ச் செய்தால் கார்டு வேலை செய்யாது. காரணம் கேட்டால் கான்ட்ராக்டரைக் கேள் என்பார்கள். கான்ட்ராக்டரோ கம்பெனி வேண்டாம் என்கிறது என்பார். அப்ரென்டிஸின் நிலை இன்னும் மோசம். 1961-ஆம் ஆண்டின் சட்டப்படி அவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளியே அல்ல. அடித்தவரா, அடி வாங்கியவரா என்றுகூடப் பார்க்காமல் இரண்டு பேரையும் நிறுத்திவிடுவது நிர்வாகத்துக்குச் சுலபம். அதனாலேயே அடி வாங்கிய கான்ட்ராக்ட் பையன் வாயைத் திறப்பதில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஒழுங்கு நடவடிக்கைக்கான நிலையாணைகள் கட்டாயம் என்ற வரம்பு, மத்தியச் சட்டத்தில் 100 தொழிலாளர்கள் என்று இருந்தது, இப்போது 300 ஆகிவிட்டது. பெரிய கார் ஆலைகளுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அவற்றுக்குச் சீட்டும் சைலன்ஸரும் செய்து கொடுக்கும் சிறிய ஆலைகளில்தான் வித்தியாசம் தெரியும். முறையான விசாரணை இல்லாமல் ஒருவரை வெளியே தள்ளுவது அங்கே இன்னும் எளிதாகிவிடும்.

பெட்டிச் செய்தி: அடிபட்டவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டா?

*மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வருகிறார்கள். கான்ட்ராக்ட் தொழிலாளர்களும் இதில் அடக்கம். வேலையில் ஏற்பட்ட காயம் என்றால், வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். உயிரிழந்தால் குடும்பத்துக்கு அதே கணக்கில் மாதாமாதம் உதவித்தொகை உண்டு.*

*ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்கான சட்ட விதி தொழிலாளிக்குச் சாதகமானது. வேலை நேரத்தில் நடந்த விபத்து வேலையின் காரணமாகவே நடந்தது என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்பதற்குச் சான்று இருந்தால்தான் மறுக்கலாம். ஆலையின் பதிவேட்டிலோ போலீஸ் புகாரிலோ ‘முன்விரோதம்’, ‘சொந்தத் தகராறு’ என்று ஏறிவிட்டால் அதுவே எதிர்ச் சான்றாகிவிடும் ஆபத்து உண்டு. போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும் முன்பு, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.*

*ஒருவர் வேண்டுமென்றே செய்த கொலைகூட, இறந்தவரின் பார்வையில் வேலையின்போது நேர்ந்த ‘விபத்தாக’ இருக்கலாம் என்பதை ரீட்டா தேவி வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது பயணிகளால் கொல்லப்பட்ட ஓர் ஆட்டோ ஓட்டுநரின் குடும்பம் இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு.*

திண்டுக்கல்லில் ஒரு பெண்

2021 ஜனவரி. திண்டுக்கல் மாவட்டத்தில், நாச்சி அப்பேரல் என்ற ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இருபது வயதுத் தலித் பெண்ணைக் காணவில்லை. சில நாள்களில் உடல் கிடைத்தது. அதே ஆலையின் சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். அவர் பல மாதங்களாகத் தொல்லை கொடுத்துவந்தார் என்று குடும்பத்தினரும் உடன் வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். உடல் கிடைத்த இடம் ஆலைக்கு வெளியே. ஆகவே இதையும் இரண்டு பேருக்கு இடையிலான சொந்த விவகாரம் என்று முடித்திருக்கலாம். முடிக்க விடவில்லை, அந்த ஆலையின் பெண்கள்.

பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் இருந்த தொழிலாளர் அமைப்புகள் கைகோத்தன. 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், ஆடை வாங்கும் ஹெச் அண்ட் எம் நிறுவனம், யூனியன் எல்லோரும் அதில் தரப்பினர். பிறகு கேப், பி.வி.ஹெச். நிறுவனங்களும் சேர்ந்தன. ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று இன்று உலகத் தொழிற்சங்கங்கள் பேசுவது இதைத்தான்.

இந்த ஒப்பந்தத்தை ஆற அமரப் படித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் உபதேசம் இல்லை, ஏற்பாடு இருக்கிறது. தைக்கும் பெண்களிலிருந்தே ஆள் எடுத்து, யூனியன் பயிற்சி கொடுத்து, லைனுக்கு லைன் கண்காணிக்க நிறுத்தினார்கள். கெட்ட பேச்சோ, தொடுதலோ, சாதி சொல்லித் திட்டுவதோ நடந்தால் முதலில் தெரிந்துகொள்பவர் பக்கத்து மெஷின்காரி. புகாரை விசாரிப்பது நிர்வாகம் மட்டும் அல்ல. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை இதை மீறினால், வாங்கும் கம்பெனி ஆர்டரில் கைவைக்கக் கடமைப்பட்டது. கடைசியாகச் சொன்னது இல்லையென்றால் மற்றதெல்லாம் காகிதத்தோடு போயிருக்கும். முதல் ஆண்டில் மட்டும் 185 புகார்கள் வந்தன, 182 தீர்க்கப்பட்டன. இத்தனை புகாரா என்று சிலர் அதிர்ச்சி அடையலாம். எனக்கு அந்த எண் நம்பிக்கை தருகிறது. பேசினால் வேலை போகாது என்று தெரிந்த இடத்தில்தான் இத்தனை பேர் பேசுவார்கள்.

இடையில் 2022 ஜூலையில் அமெரிக்க சுங்கத்துறை இந்த ஆலையின் சரக்கை நிறுத்திவைத்தது. ஒப்பந்தம் செயல்படுவதைக் கண்டு செப்டம்பரிலேயே தடையை விலக்கியது. ஒரு சூப்பர்வைசரின் கை, வேலை பார்க்கும் எல்லாருடைய சம்பளத்தையும் தொடக்கூடியது என்பதற்கு இதைவிட என்ன கணக்கு வேண்டும்?

வழி அடைபட்ட இடங்கள்

திண்டுக்கல்லில் திறந்த வழி வேறு இடங்களில் அடைபட்டிருந்தது. கோவை பெரியநாயக்கன்பாளையம், 2009 செப்டம்பர் 21. பிரிக்கால் ஆலையில் சங்க உரிமைக்கான போராட்டம் இரண்டு ஆண்டுகளாக நீண்டிருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். அன்று மனிதவளத் துறையின் துணைத் தலைவர் தன் அறையிலேயே தாக்கப்பட்டார். மறுநாள் இறந்துபோனார். 2015 டிசம்பரில் கோவை நீதிமன்றம் எட்டுத் தொழிலாளர்களுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களில் ஆறு பேரை விடுதலை செய்தது, மற்ற இரண்டு பேரும் குற்றவாளிகளே என்றது.

ஹரியானாவின் மானேசர், 2012 ஜூலை 18. மாருதி சுசூகி ஆலையில் ஒரு சூப்பர்வைசருக்கும் ஒரு தொழிலாளிக்கும் இடையே காலையில் நடந்த வாய்த்தகராறு, மாலையில் தீ வைப்பில் முடிந்தது. மனிதவளப் பொது மேலாளர் உயிரிழந்தார். சாதி சொல்லித் திட்டியதில்தான் தகராறு தொடங்கியது என்றார்கள் தொழிலாளர்கள், நிர்வாகம் மறுத்தது. 148 தொழிலாளர்கள் மேல் வழக்கு. 2017 மார்ச்சில் 31 பேர் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம், அவர்களில் 13 பேருக்கு ஆயுள் தண்டனை. மீதி 117 பேர் நிரபராதிகள். அவர்களில் பலர் தீர்ப்பு வருவதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டார்கள். வழக்கில் சேர்க்கப்படாத நூற்றுக்கணக்கானவர்களின் வேலையும் போனது.

இரண்டு இடத்திலும் இறந்த அதிகாரிகள் டார்கெட்டை நிர்ணயித்தவர்கள் அல்ல, அதை அமல்படுத்தும் மேஜைக்கு அனுப்பப்பட்டவர்கள். மாதச் சம்பளக்காரர்கள். அவர்களுக்கும் குடும்பம் உண்டு. இந்தக் கொலைகளை எந்தக் கோரிக்கையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. அதே சமயம், இரண்டு ஆலைகளிலும் கொலைக்கு முன்பே மாதக்கணக்கில் தொழிலாளர்கள் குறைகளை எடுத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டியிருந்தார்கள் என்பதையும் மறைக்க முடியாது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். சங்கத்தின் பதிவுக்காக 2025 ஜனவரி வரை காத்திருந்தார்கள். தங்களுக்கென்று பேச ஓர் ஆள் வேண்டும் என்பதற்கே இவ்வளவு நாள் ஆனது. அத்தனை நாளும் கேட்டுக்கு வெளியே இருந்தவரும் உள்ளே வேலைக்குப் போனவரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். போராட்டம் முடிந்த பிறகும் அவர்கள் ஒரே லைனில் நிற்க வேண்டும். அந்த மனக்கசப்பை ஆற்றுவது யார் வேலை என்று எந்த உடன்படிக்கையிலும் எழுதுவதில்லை.

மொழி தெரியாதவரோடு சண்டை

2023 ஜனவரியில் திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்களும் உள்ளூர் இளைஞர்களும் மோதிக்கொண்ட வீடியோ ஒன்று பரவியது. அது ஒரு சின்னத் தகராறு என்று போலீஸ் விளக்கியும் பேச்சு அடங்கவில்லை. மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் கிளம்பின. வேறு ஊர்களில் வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களை ஒட்டி வைத்த வீடியோக்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்குகள் பாய்ந்தன. அதற்குள் பயந்துபோய் ரயில் ஏறியவர்கள் ஏறிவிட்டார்கள்.

இந்த மாவட்டத்து ஆலைகளுக்கு இதில் பாடம் இருக்கிறது. இரண்டு தொழிலாளர்களின் அடிதடி இப்போது ஒரு மணி நேரத்தில் இரண்டு மாநிலங்களின் சண்டையாகிவிடும். ஹிந்தியிலும் ஒடியாவிலும் புகார் கேட்க ஓர் ஆள் இல்லாத ஆலையில், அடி வாங்கிய இளைஞர் முதலில் தேடுவது தன் ஊர்க்காரர்கள் நாலு பேரை. அடுத்த சண்டைக்கு ஆள் சேர்வது அப்படித்தான்.

பெட்டிச் செய்தி: புகார் எங்கே?

*பெண்களுக்கு: 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். தலைவர் பெண். பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். குழு அமைக்காத நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். புகார் முதலாளி மேலேயே என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.*

*எல்லோருக்கும்: 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் குறைதீர் குழு கட்டாயம். தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கையில், அதிகபட்சம் பத்துப் பேர். புகாருக்கு 30 நாளில் முடிவு.*

*அடிபட்டால்: அரசு மருத்துவமனையில் காட்டி, யார் எங்கே அடித்தார்கள் என்பதை விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) பதியச் சொல்லுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் புகாருக்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். நிர்வாகத்துக்கும் எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது பிறகு யாருக்கும் நினைவிருக்காது.*

பஸ்ஸும் விடுதியும் யார் எல்லை?

இதே மாவட்டத்தின் வல்லம் வடகாலில் அரசு நிறுவனமான சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட குடியிருப்பு 18,720 படுக்கைகள் கொண்டது. ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களுக்காக, 700 கோடி ரூபாய்க்கும் அதிகமான செலவில் எழுந்தது. 2021 டிசம்பரில் அந்த ஆலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் கெட்டுப்போன உணவால் நூற்றுக்கணக்கானவர்கள் நோய்வாய்ப்பட, ஆயிரக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதி என்பது சம்பளத்தைப் போலவே பெரிய பிரச்சினை என்று அந்த இரவு எல்லோருக்கும் புரிந்தது. புதிய கட்டடம் வந்ததில் அந்தப் பெண்களின் பங்கு பெரியது.

ஆனால் இரவு பத்து மணிக்கு விடுதி அறையில் இரண்டு பேர் அடித்துக்கொண்டால், அல்லது பஸ்ஸில் ஒரு பெண்ணின் மேல் சூப்பர்வைசர் கை வைத்தால், அது ஆலைக்குள் நடந்ததா, வெளியே நடந்ததா? பெண்களுக்கான 2013 சட்டம், முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தையும் பணியிடமாகவே கணக்கிடுகிறது. சாதாரண அடிதடிக்கு அப்படித் தெளிவான விதி இல்லை. ஆலை எல்லைக்கு வெளியே நடந்ததற்கு நிலையாணைப்படி எந்த அளவு நடவடிக்கை எடுக்கலாம் என்பது 1980-களின் தொடக்கத்தில், கிளாக்ஸோ வழக்கில், உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆலையையும் அதை ஒட்டிய இடத்தையும் குறிக்கும் விதியை நிர்வாகம் விருப்பம்போல் நீட்டக் கூடாது என்றது நீதிமன்றம். தொழிலாளியின் சொந்த வாழ்க்கைக்குள் முதலாளி நுழையாமல் தடுத்த நல்ல தீர்ப்பு அது. ஆனால் தங்கும் அறையையும் போகும் பஸ்ஸையும் ஆலையே ஏற்பாடு செய்யும் இன்றைய நிலை அன்று இவ்வளவு பரவலாக இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019 ஜூனில் நிறைவேற்றிய 190-வது உடன்படிக்கை இதற்கு நேரான பதில் தருகிறது. வேலைக்குப் போய்வரும் வழி, முதலாளி கொடுத்த தங்குமிடம், சாப்பிடும் இடம், வேலை தொடர்பான போன் செய்தி எல்லாமே வேலை உலகம்தான் என்கிறது. பெர்மனென்ட், கான்ட்ராக்ட், பயிற்சியாளர் என்று பிரிக்காமல் எல்லோரையும் காக்கச் சொல்கிறது. 2021 ஜூனில் அமலுக்கு வந்தும் இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

டெல்லி கையெழுத்துப் போடும் வரை இந்த மாவட்டம் காத்திருக்க வேண்டியதில்லை. குறைதீர் குழுவும் உள்ளகக் குழுவும் யார் யார், அவர்களுடைய போன் எண் என்ன என்பதைத் தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, கம்பெனி பஸ் ஒவ்வொன்றிலும் விடுதி ஒவ்வொரு மாடியிலும் ஒட்டச் சொல்லி மாவட்ட நிர்வாகமும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககமும் ஆலைகளை வற்புறுத்தலாம். குறைதீர் குழுவில் கான்ட்ராக்ட் தொழிலாளர்களிலிருந்து ஒருவராவது உட்காரட்டும். சண்டை நடந்த லைனில் அந்த வாரம் டார்கெட் என்ன, எத்தனை மணி நேரம் ஓ.டி., எத்தனை நைட் ஷிப்ட் என்பதையும் விசாரணை அறிக்கையில் சேர்க்கட்டும். யார் முதலில் அடித்தார் என்பதோடு விசாரணை நிற்கும் வரை, அதே ஸ்டேஷனுக்கு அடுத்து வரும் பையனும் அதே இடத்தில்தான் போய் நிற்பான்.